பொது நீரை அளக்கும் காந்த உணரி

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரை)



ஊர்ப் பொது நீரைப் பங்கிடுவதில் எழும் பூசல்களை நாம் யாவரும் அறிவோம். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்பார் ஒருவர். பள்ளத் தெருவில் வீணாய் ஓடுகிறது என்பார் மற்றொருவர். அளவு இல்லாத இடத்தில் வழக்குத் தீராது. அந்த அளவைத் தரவல்ல சிறு கருவி ஒன்றைக் குறித்தே இன்று பேச விழைகிறோம்.

1879ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்னும் மாணவர் மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தைச் செலுத்தி, அதனைக் காந்தத்தின் முனைகளுக்கு நடுவே வைத்தார். தகட்டின் இரு ஓரங்களுக்கிடையே சிறிது மின்னழுத்தம் தோன்றக் கண்டார். வாய்க்கால் வளையுமிடத்தில் நீர் ஒரு கரையை ஒட்டி உயர்ந்து ஓடுவதை நாம் கண்டிருக்கிறோம். ஏறத்தாழ அது போன்றே, மின்சாரத்தைச் சுமக்கும் துகள்களைக் காந்தம் ஓர் ஓரமாகத் தள்ளுகிறது. இதுவே ‘ஹால் விளைவு’ எனப்படும்.

தங்கத்தில் தோன்றும் அந்த மின்னழுத்தம் மிகச் சொற்பம். அதனைப் பெரிதாக்கித் தந்தவை குறைகடத்திகள். செம்பு போல் தாராளமாக மின்சாரத்தைக் கடத்தாமலும், கண்ணாடி போல் அறவே தடுக்காமலும் இடைநிலையில் நிற்பவை இவை. சிலிக்கன் அவற்றுள் ஒன்று. இவற்றில் மின்சாரத்தைச் சுமக்கும் துகள்கள் குறைவு. ஆதலின், அதே மின்சாரத்தைச் சுமக்க அவை விரைந்தோட வேண்டும். விரைந்தோடும் துகளைக் காந்தம் வலுவாகத் தள்ளும். எனவே அளக்கத்தக்க மின்னழுத்தம் கிடைக்கிறது. இன்று இவ்வுணரி மிளகளவே உள்ள சிறு சில்லில் அடங்கிவிடுகிறது.

இதைக் கொண்டு நீரை அளப்பது எவ்வாறு? குழாயினுள் காந்தம் பதித்த சிறு சக்கரம் இருக்கும். நீர் படாதவாறு வெளியே உணரி இருக்கும். நீரோட்டத்தில் சக்கரம் சுழல, காந்தம் கடக்குந்தோறும் உணரி ஒரு துடிப்பை அனுப்பும். அரை அங்குலக் குழாய்க்குரிய சாதாரண வகை ஒன்று லிட்டருக்குச் சுமார் 450 துடிப்புகளைத் தரும். துடிப்புகளை எண்ணினால் நீரின் அளவு தெரிந்துவிடும்.

எனினும், கருவி காட்டுவதை அப்படியே நம்பிவிடுதல் தகாது. மணலும் துருவும் சேர்ந்தால் சக்கரம் நின்றுவிடும். ஆகையால் முன்னே வடிகட்டி தேவை. குழாயில் காற்று புகுந்தால் நீரின்றியும் சக்கரம் சுழலும். மிகச் சிறிய கசிவோ சக்கரத்தை அசைக்காது, கணக்கிலும் ஏறாது. வலிய காந்தத்தை அருகே வைத்தால் கணக்குப் பிறழும். ஆகையால் கருவியைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்தல் நலம்.

சோதிக்கும் வழியும் எளிதே. பலர் முன்னிலையில் 20 லிட்டர் கொள்ளும் பாத்திரத்தை நிரப்புவோம். மேற்கூறிய வகையானால் சுமார் 9,000 துடிப்புகள் வர வேண்டும். பெரிதும் மாறுபட்டால் கருவியைச் சீர்செய்த பின்னரே அதன் கணக்கை ஏற்க வேண்டும்.

2019ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வீடுதோறும் குழாய் நீர் வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. குழாய் வந்தால் போதாது. நீர் நியாயமாகப் பகிரப்படவும் வேண்டும். தெருவாரியாக அளந்த கணக்கைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதுவோம். கிராம சபையில் படிப்போம். எவருக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்த ஊரில், தண்ணீர்ச் சண்டை பேசித் தீர்க்கும் விஷயமாகிவிடும்.