விரிசலைக் கண்டால் வேலையை நிறுத்து!

2013 ஏப்ரல் 23-ல் வங்கதேசத்தில், டாக்கா அருகே, எட்டு மாடி ராணா பிளாசாவில் விரிசல் கண்டது. பார்வையிட்ட பொறியாளர் ஆபத்தென்றார். சொந்தக்காரன் பயமில்லை என்றான். கீழே இருந்த வங்கி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. மேலே தையல் தொழிலாளரை மட்டும் கூலிவெட்டு என்று மிரட்டி மறுநாள் உள்ளே அனுப்பினார்கள். கட்டிடம் சரிந்தது, 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மும்பையில் 30 ஆண்டு கடந்த கட்டிடங்களை உடைமையாளர் பொறியாளரைக் கொண்டு சோதிப்பது சட்டப்படி கட்டாயம். நல்ல சட்டம்தான். ஆனால் சோதனை மட்டும் போதுமா? ராணா பிளாசாவிலும் விரிசலைப் பார்த்தார்கள். கதவை மூடும் அதிகாரம் பார்த்தவரிடம் இல்லை.

ஆகவே நாம் கேட்பது: சோதனையின்போது சங்கப் பிரதிநிதி உடனிருக்க வேண்டும், அறிக்கையை வாசலில் ஒட்ட வேண்டும், ஆபத்தென்றால் கூலி இழக்காமல் வெளியேற உரிமை வேண்டும். ஒன்றுபட்டு நின்று இதைப் பெறுவோம்!