ஏசியா, எக்ஸாஸ்டா?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் இரண்டாம் நாள் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் காற்றாலையைப் பற்றியும் மெட்ரோ ரயிலைப் பற்றியும் அருமையாகப் பேசினார்கள். நான் பேசப்போவது என்னுடைய பழைய காரைப் பற்றி. செயலாளர் அண்ணன் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசணும். டெக்னிக்கலா இருக்கணும், வீட்டுக்காரங்களுக்கும் புரியணும்" என்றார். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி என்னிடம் இருப்பது இந்த ஒரு கதைதான். இதில் நான் செய்த முட்டாள்தனமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் 2010-இல் மெக்கானிக்கல் முடித்தவன். குடியிருப்பது தாம்பரத்தில். 2019-இல் செகண்ட் ஹேண்டில் ஒரு 1200 சிசி பெட்ரோல் கார் வாங்கினேன். அப்பா, அம்மா விழுப்புரத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்குச் சென்னைக்கு அழைத்து வந்து, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்தக் காருக்கு முக்கிய வேலையே அதுதான்.

2022 கோடையில் ஏசி குளிர்வது குறைந்தது. மெக்கானிக்கிடம் போனேன். "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டா சரியாயிடும்" என்றார். போட்டார், சரியானது. ஐந்து மாதத்தில் மறுபடியும் வெறும் காற்று. இப்படியே மூன்று முறை, முறைக்கு இரண்டாயிரம் ரூபாய்.

இங்கேதான் நான் வெட்கப்பட வேண்டும். கார் ஏசி ஒரு மூடிய சுற்று. கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வ், எவாப்பரேட்டர் என்று அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பெட்ரோல் மாதிரி அது செலவாகாது. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். இதை நம் ரெஃப்ரிஜரேஷன் லேபில் படித்தவன், ஓட்டையைத் தேடாமல் மூன்று முறை காசு கொடுத்து கேஸைக் காற்றில் விட்டிருக்கிறேன். என் காரில் இருப்பது ஆர்-134ஏ. ஓசோனுக்குக் கெடுதல் என்று ஆர்-12 கைவிடப்பட்ட பிறகு வந்தது. இது ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், நூறு ஆண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்ஸைடைப் போல 1,430 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு முறை நிரப்புவது சுமார் 450 கிராம். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 640 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வருகிறது. ஆக ஒரு முறை கேஸ் ஒழுகிப் போனால், 280 லிட்டர் பெட்ரோலை வீணாக எரித்ததற்குச் சமம்.

2023 ஏப்ரலில் ஏசி முழுசாகப் படுத்துவிட்டது. அதே மாதம் எனக்கு 45 ஆயிரம் ரூபாய் போனஸ் வந்தது. எந்த மகனும் உடனே ஏசியைச் சரிசெய்திருப்பான். நானோ எக்ஸாஸ்ட் வாங்கலாமா என்று யோசித்தேன். நம் பேட்ச் நண்பர் ஒருவர், இதோ மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார், தன் டர்போ காரை ரீமேப் செய்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காட்டினார். அன்றைக்குப் பிடித்த பேய். ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், நல்ல ஏர் இன்டேக், ஈசியூ ரீமேப், மூன்றும் சேர்த்து 42 ஆயிரம் என்று ஒரு கடையில் சொன்னார்கள்.

எஞ்சினியர் அல்லவா, ஒரு டேபிள் போட்டேன். செலவு, பவர், மைலேஜ், ஓட்டும் சுகம் என்று தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெயிட்டேஜ். ஏசி கம்ப்ரசர் எஞ்சினிலிருந்து சில குதிரைசக்தியைப் பிடுங்குகிறது. அது ஓடாமல் கிடப்பதே ஒரு பெர்ஃபாமன்ஸ் அப்கிரேட்தான் என்றுகூட எழுதி, அதற்கும் மார்க் போட்டேன்! கூட்டிப் பார்த்தால் எக்ஸாஸ்ட் 78, ஏசி 41. வெயிட்டேஜ் போட்டவன் நான், மார்க் போட்டவனும் நான். வேறு என்ன வரும்?

என் மனைவி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் கணக்குப் பட்டதாரி. "ஏங்க, இதுல பின் சீட்டுக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த டேபிளில் இருந்தது டிரைவர் சீட் மட்டும்.

ஆனாலும் நான் திருந்தவில்லை. மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டு அப்பாவை அழைத்து வந்தேன். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அவர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. "பரவாயில்ல தம்பி, நாங்க பஸ்ல போய் வந்தவங்கதானே" என்றார். பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு, எக்ஸாஸ்ட் கடையில் ஐந்தாயிரம் அட்வான்ஸ் கட்டினேன். சாமான் வர வேண்டும், தவணை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

அந்த நவம்பரில் ஒரு நாள். செக்கப் முடிந்து இரவு எட்டு மணிக்குத் திண்டிவனம் தாண்டிப் போகிறோம். நல்ல மழை. ஜன்னலை ஏற்றிவிட்டோம். உள்ளே நான்கு பேர் மூச்சு. ஐந்தே நிமிடத்தில் முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிட்டது.

நம் லேபில் சைக்ரோமெட்ரிக் சார்ட் என்று ஒன்றை எல்லோரும் வரைந்திருக்கிறோம். அதில் உள்ளதுதான் இது. மூச்சில் ஈரம் இருக்கிறது. மழையில் கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. கண்ணாடியின் வெப்பம் காற்றின் பனிநிலைக்குக் கீழே போனால் நீர்த்துளி படியும். ஏசி ஓடினால் எவாப்பரேட்டர் அந்த ஈரத்தைப் பிழிந்து, காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விட்டுவிடும். உலர்ந்த காற்று கண்ணாடியில் பட்டதும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். ஆக ஏசி வெயிலுக்கு மட்டும் உள்ளதல்ல. மழை இரவில் அது வைப்பரைப் போல ஒரு பாதுகாப்புச் சாதனம். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய நான், என் டேபிளில் எழுதவில்லை.

ஃபேனை முழுசாக வைத்தேன், பலனில்லை. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால் அம்மா மேல் சாரல். முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா, தோளில் இருந்த துண்டை எடுத்து, முன்னுக்குச் சாய்ந்து, என் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்த இடம் உடனே மறுபடி பூத்தது. திடீரென்று, "தம்பி, லாரி!" என்று கத்தினார். பின்விளக்கு இல்லாமல் ஓரமாக ஒரு லாரி நின்றிருந்தது. பாதி உடம்பு ரோட்டில். எப்படித் திருப்பினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கொஞ்ச தூரம் போய் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கை நடுங்கியது. அப்பா கோபப்படவில்லை. துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "வண்டி நல்லாத்தாம்பா ஓடுது. எதிர்ல என்ன இருக்குன்னுதான் தெரியல."

அடுத்த வாரம் வேறொரு ஏசி ஒர்க்ஷாப்பில் விட்டேன். அந்தத் தம்பி கேஸ் சிலிண்டரைத் தொடவே இல்லை. முதலில் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தார், நிற்கவில்லை. டேஷ்போர்டைக் கழற்றினால் எவாப்பரேட்டரில் ஊசிமுனை அளவு ஓட்டை. எவாப்பரேட்டர், எக்ஸ்பான்ஷன் வால்வ், டிரையர், ஓ-ரிங் மாற்றி, முக்கால் மணி நேரம் வேக்குவம் போட்டு, கேஸை எடை பார்த்து ஏற்றினார். கம்ப்ரசர் நன்றாகவே இருந்தது. மொத்தம் பதினாறாயிரத்து ஐந்நூறு. முன்பே ஓட்டையைத் தேடியிருந்தால், கேஸுக்குக் கொடுத்த ஆறாயிரமும் மிச்சம். மீதிப் பணத்தில் தேய்ந்து போயிருந்த நாலு டயரையும் மாற்றினேன். எக்ஸாஸ்ட் கடையில் கட்டிய அட்வான்ஸ் போனது போனதுதான்.

அப்கிரேட் செய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கென்றே வண்டி வைத்திருப்பவர் ஏசியைக் கழற்றி எறிந்தாலும் நியாயம், எடை குறையும். ஆனால் டர்போ இல்லாத சின்ன எஞ்சினில் ரீமேப் செய்தால் பெரிதாக எதுவும் கிடைக்காது. உள்ளே போகும் காற்று அதேதானே! தவிர, கம்பெனி ஒப்புதல் பெற்ற அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதையும் என் டேபிளில் நான் சேர்க்கவில்லை.

என் அனுபவத்தில் நான் கற்றது இவ்வளவுதான். பழுது வேறு, ஆசை வேறு. இரண்டையும் ஒரே டேபிளில் போட்டால் ஆசைதான் ஜெயிக்கும். முதலில் பழுது என்ன என்று சரியாகக் கண்டுபிடியுங்கள். பிறகு விலை கேளுங்கள். வண்டியின் மதிப்பையே பழுதுச் செலவு விழுங்கிவிடும் என்றால் வண்டியை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். டேபிள் போட்டு முடித்ததும், அந்த வண்டியில் உட்காரப் போகிற இன்னொருவர் கையில் கொடுத்து மார்க் போடச் சொல்லுங்கள்.

அப்பா இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார். அதே வண்டியில்தான் வந்தோம். வழியெல்லாம் நல்ல வெயில். அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு பின் சீட்டில் தூங்கிக்கொண்டே வந்தார். பாதி வழியில் எழுந்து, "குளிருது தம்பி, கொஞ்சம் குறை" என்றார். குறைத்தேன்.

அன்று சைக்ரோமெட்ரிக் சார்ட்டை மூன்று முறை திருப்பி வரையச் சொன்ன சார் அவர்களுக்கு என் நன்றி.