தன் முதுகும் பிறர் முகமும்

(கற்பிட்டியில் நடைபெற்ற ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தன்னை அறிதல் என்று சொன்னதும் உங்களுட் பலருக்குக் கோவிற் பிரசங்கம் நினைவுக்கு வரும். ஆன்மாவை அறியும் அப்பெருங் கல்வியைப் பற்றிப் பேச நாம் இன்று வரவில்லை. அதனினும் மிகச் சிறிய, ஆனால் நாள்தோறும் வேண்டப்படுகிற ஓர் அறிவைப் பற்றியே பேச எண்ணுகிறோம். சந்தையிலும் பஸ்ஸிலும் கடற்கரையிலும் மனிதன் தன்னை எப்படி விளங்கிக்கொள்கிறான், தன் அயலானை எப்படி விளங்கிக்கொள்கிறான் என்பதே அது. இதனைச் சமூக உளவியல் என்ற தனிச் சாத்திரமாகவே அறிஞர் வளர்த்திருக்கின்றனர்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது நம்மவர் பழமொழி. அச் சாத்திரத்தின் பாதி இப் பழமொழியில் அடங்கிவிடுகிறது. மற்றப் பாதி யாதெனில், பிறருடைய முகத்தை மட்டுமே நாம் காண்கிறோம்; அவர் முதுகிற் சுமந்துவரும் மூட்டையைக் காண்பதில்லை என்பதாம்.

ஒரு சிறு உதாரணம். கூட்டத்துக்கு நாம் பிந்தி வந்தால், "பஸ் பிந்திவிட்டது" என்கிறோம். வேறொருவர் பிந்தி வந்தால், "அவர் எப்போதும் இப்படித்தான்" என்கிறோம். நம் செயலுக்குச் சூழ்நிலை காரணம். பிறர் செயலுக்கு அவரது குணம் காரணம்! இது வேடிக்கைப் பேச்சன்று. சோதித்துக் கண்ட உண்மை. 1967ஆம் ஆண்டில் எட்வேட் ஜோன்ஸ், விக்டர் ஹரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், கியூபாவின் பிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவரிடம் கொடுத்தனர். "இதனை எழுதியவர் தாமாக எழுதவில்லை, இந்தப் பக்கமே எழுதவேண்டும் என்று பணிக்கப்பட்டார்" என்றும் ஒரு சாராருக்குச் சொன்னார்கள். அப்படியிருந்தும், ஆதரித்து எழுதியவர் மனத்தாலும் காஸ்ட்ரோவின் பக்கம் சாய்ந்தவரே என்று வாசித்தவர்கள் எண்ணினார்கள். சீட்டுக் குலுக்கிப் பக்கம் பிரிக்கும் விவாதப் போட்டிகளில் இதனை நாமும் காணலாம். எதிர்ப்பக்கம் பேசிய நண்பனிடம் போட்டி முடிந்த பின்னும் ஒரு முகக்கோணல் மிஞ்சிவிடுகிறதல்லவா? காரணம் கற்பிப்பதில் மனிதர் செய்யும் அடிப்படைத் தவறு என்று 1977இல் லீ ரொஸ் என்பவர் இதற்குப் பெயர் சூட்டினார்.

அன்பர்களே, கியூபாவை விட்டு இனி நம் கரைக்கு வருவோம். மேற்கே கடலும் கிழக்கே களப்புமாக நீண்டு கிடக்கும் இந்த மணற்றரை, வந்தாரை ஏற்ற ஊர். ஒல்லாந்தர் கோட்டை இங்கே நிற்கிறது. பள்ளிவாசலும் தேவாலயமும் கோவிலும் இங்கே உண்டு. பருவத்துக்கு வந்து வாடி அடித்து மீன் பிடிப்போரும் உண்டு. ஆனால் 1990 ஒக்டோபர் இறுதியில் இக்கரைக்கு வந்தவர்கள் பருவத்துக்கு வந்தவர்களல்லர், துரத்தப்பட்டு வந்தவர்கள். வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000 பேருக்கும் மேற்பட்டோரைத் தமிழீழ விடுதலைப் புலிகள் சில நாட்களுக்குள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30இல் கொடுக்கப்பட்ட தவணை இரண்டே மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டோர் பலர் வள்ளங்களில் கடல்வழியாக இந்தக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர்.

அந்நிகழ்ச்சியைப் பற்றித் தமிழராகிய நாம் பேசும் பேச்சைக் கவனியுங்கள். "அதை நாங்களா செய்தோம்? ஆயுதம் வைத்திருந்தவர்கள் செய்தார்கள். வாய் திறந்தால் எங்கள் உயிரும் போயிருக்கும்" என்கிறோம். அச்சம் மெய்யானதே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் வேறொரு சமூகத்தின் பெயரால் யாரோ சிலர் நமக்குத் தீங்கு செய்தால், "அங்கும் வாய் திறக்க அஞ்சியவர் பலர் இருந்திருப்பர்" என்று நாம் சொல்கிறோமா? "அந்தச் சாதியே அப்படித்தான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நமக்குச் சூழ்நிலை, அவர்க்குக் குணம்! பஸ் பிந்திய கதையும் இதுவும் ஒரே கதைதான். முன்னதில் ஒரு நாழிகை வீணாகிறது. பின்னதில் ஊர்கள் பாழாகின்றன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சூழ்நிலையைச் சொல்வது வேறு. சாட்டுச் சொல்லித் தப்புவது வேறு. நம் பெயரால் நடந்த அநியாயத்தை அநியாயம் என்று சொல்ல இன்று அச்சம் தடையில்லை. ஆகவே இன்றும் நாம் பேசாதிருந்தால், அதற்குச் சூழ்நிலையைக் காரணம் காட்ட முடியாது.

வந்தவர்களை இப்பகுதி மக்கள் முதலில் எப்படி ஏற்றனர் என்பது பெருமைக்குரிய வரலாறு. பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் வீடுகளும் திறக்கப்பட்டன. உலை வைத்துச் சோறு போட்டனர். தென்னந்தோட்டக் காணிகளிற் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. நாட்கள் மாதங்களாகி, மாதங்கள் ஆண்டுகளான பின்னரே கசப்புத் தலைகாட்டியது. "அவர்களுக்கு நிவாரணம் கிடைக்கிறது, எங்களுக்கு இல்லை" என்றனர் ஊரவர். தோட்டங்களிற் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தது என்றும், பாடசாலையிலும் ஆசுபத்திரியிலும் நெருக்கடி என்றும் முறைப்பாடு எழுந்தது. வந்தவரோ, "கூலியைக் குறைத்தவர் நாமா, கொடுத்தவரா?" என்றனர். இரு சாராரும் ஒரே மொழியினர், ஒரே சமயத்தினர். அப்படியிருந்தும் இடையில் ஒரு சொல் வந்து வேலியாயிற்று. "அகதி" என்பதே அச் சொல்.

ஒரு வெறும் பெயருக்கு அத்தனை வலிமை உண்டா? ஹென்றி தாஜ்பெல் என்பவரைக் கேளுங்கள். போலந்திற் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரிற் பிரெஞ்சுப் படையிலிருந்து சிறைப்பட்டு, தாம் போலந்து யூதர் என்பதை மறைத்தமையால் உயிர் தப்பியவர். திரும்பி வந்தபோது அவருடைய குடும்பத்தாரிற் பெரும்பாலோர் கொல்லப்பட்டிருந்தனர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் பேராசிரியராக இருந்து, 1970ஆம் ஆண்டளவில் 14, 15 வயதுப் பாடசாலைப் பையன்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். திரையிற் தோன்றும் புள்ளிகளை எண்ணிச் சொல்லச் செய்து, "நீ கூட்டிச் சொன்ன கூட்டம், நீ குறைத்துச் சொன்ன கூட்டம்" என்று பிரித்தார். உண்மையில் அப் பிரிவு மனம்போன போக்கிற் செய்ததே. தன் கூட்டத்தில் யார் இருக்கிறார் என்பதும் பையனுக்குத் தெரியாது. ஆயினும் காசு பங்கிடச் சொன்னபோது தன் கூட்டத்தானுக்கே கூடுதலாகக் கொடுத்தான். தன் கூட்டத்துக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும், மற்றக் கூட்டத்துக்கும் அதற்கும் இடையே வித்தியாசம் பெரிதாக இருக்கவேண்டும் என்று விரும்பினோரும் பலர். புள்ளி எண்ணிப் பிரித்ததற்கே இப்படியானால், நிலமும் நீரும் கூலியும் சேர்ந்த பிரிவு என்ன செய்யாது!

பெயர் பிறரைப் பிரிப்பதோடு நின்றுவிடுவதில்லை. பெயர் பெற்றவனையும் மாற்றுகிறது. பிறர் நம்மை எப்படிக் காண்கிறார் என்று நாம் எண்ணுகிறோமோ, அந்த எண்ணத்தையே முகம் பார்க்கும் கண்ணாடியாகக் கொண்டு நம்மை அறிகிறோம் என்று 1902இல் சார்ள்ஸ் கூலி என்ற அமெரிக்கர் எழுதினார். புத்தளத்திற் பிறந்து, யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் காணாத பிள்ளை "அகதிப் பிள்ளை" என்று அழைக்கப்பட்டால், அக் கண்ணாடியில் அது தன்னை யாரென்று காணும்? 2009இற் போர் முடிந்த பின் வடக்குக்குத் திரும்பியோர் உண்டு. இங்கேயே வேரூன்றியோரும் உண்டு. இரு இடத்தும் முழு உரிமையோடு "என் ஊர்" என்று சொல்ல முடியாத நிலைமை பலருக்கு நெடுங்காலம் நீடித்தது.

இதற்கு மருந்து என்ன? ஒருவரோடொருவர் பழகினாற் போதும் என்பார் சிலர். போதாது. 1954இல் முசாபர் ஷெரீப் என்ற துருக்கியர் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் இருபத்திரண்டு சிறுவரை இரு கூட்டமாக்கி முகாமிட்டார். போட்டிகள் வைத்ததும் பகை மூண்டது. ஒன்றாக உண்ணவும் படம் பார்க்கவும் விட்டார். சோற்றையே வீசியெறிந்து சண்டையிட்டனர். பின்பு முகாமுக்கு வரும் தண்ணீர் தடைப்பட்டது. தடைப்பட வைத்தவர்களும் ஆய்வாளரே. எல்லோருக்கும் தாகம். இரு கூட்டமும் சேர்ந்து தேடி அடைப்பை நீக்கினர். இவ்வாறான கூட்டு வேலைகள் பல நடந்த பின்னரே பகை தணிந்தது. அதே 1954இல் கோடன் ஓல்போட் என்பவர் தம் நூலில் நிபந்தனைகளை வகுத்தார்: பழகுவோர் சம நிலையில் இருக்கவேண்டும், நோக்கம் பொதுவாக இருக்கவேண்டும், சேர்ந்து உழைக்கவேண்டும், பெரியோரும் சட்டமும் துணைநிற்கவேண்டும். முதலாளியும் கூலியுமாகத் தோட்டத்தில் நாள்தோறும் சந்திப்பது பழக்கமே, சமமான பழக்கமன்று.

தண்ணீர் என்றதும் நம் நிலைமை நினைவுக்கு வரவில்லையா? இந்த மணலுக்கு அடியில், உப்பு நீரின்மேல் மெல்லிய ஏடாக மிதக்கிறது நமது நன்னீர். அதிகம் இறைத்தால் உவர் ஏறும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அள்ளிப் போடும் பசளை மணலூடே இறங்கி, இத் தீபகற்பத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வாளர் பலமுறை கண்டு சொல்லிவிட்டனர். அந்த நீருக்குத் தமிழன், முஸ்லிம், சிங்களவன், ஊரான், அகதி என்ற பேதம் தெரியாது. ஒருவன் கிணற்றிற் கலந்தது மற்றவன் கிணற்றில் ஊறுகிறது. ஷெரீப் சூழ்ச்சியாற் செய்ததை இயற்கையே நமக்குச் செய்து வைத்திருக்கிறது.

ஆகவே வாலிபர்களே, உங்களிடம் நாம் கேட்பது மூன்று. பிறர் செயலைக் குணத்தால் அளக்குமுன், "அவர் இடத்தில் நாம் நின்றிருந்தால்?" என்று ஒருமுறை நினையுங்கள். ஒரு மனிதனைக் கூட்டப் பெயரால் அழையாமல் அவன் பெயரைக் கேட்டு அழையுங்கள். இச் சங்கம் வரும் ஆண்டில் ஒரு வேலையையாவது அயற் பள்ளிவாசல், தேவாலய வாலிபரோடு சமமாக இருந்து செய்யட்டும். கிணற்று நீர்ப் பரிசோதனையே முதல் வேலையாகட்டும். நாம் அழைக்க அவர் வரும் வேலையாக அது இருக்கலாகாது. இருவரும் கூடித் திட்டமிட்ட வேலையாக இருக்கவேண்டும்.

இவ்வூரிலே 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள், தமிழ்ப் புலவர் வரலாற்றை மட்டுமன்றி, முக்குவர், சோனகர் முதலிய அயலாரைப் பற்றியும் ஆராய்ந்து எழுதிவைத்தார். அயலானை அறிய விரும்பிய ஒருவரைப் பெற்ற மண் இது. அவர் ஏட்டில் தொடங்கியதை நாம் கிணற்றடியிலே தொடர்வோம். நமது முதுகை நாம் காணமுடியாது. அயலான் கண்டு சொன்னால் கோபியாது கேட்போம். அவன் முதுகில் இருக்கும் மூட்டையை இறக்க ஒரு கை கொடுப்போம்.