ஊர்க்காட்டுக்கு ஊரே வேலி

(விவசாய ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நம்ம மதுரைச் சீமையில் ஊருக்கு ஊர் பொது இடம் உண்டு. கோயில்காடு, மந்தை, ஊருணிக்கரை, கண்மாய்க்கரை, மேய்ச்சல் புறம்போக்கு என்று பல பெயர். பட்டா நிலத்தில் வரப்பு ஒரு சாண் தள்ளிப் போனால் சண்டைக்கு நிற்கிற நாம், பொது இடத்தில் பத்து சென்ட் காணாமல் போனால் 'நமக்கென்ன' என்று இருந்துவிடுகிறோம். அப்படி இருக்காத சில ஊர்களைப் பற்றியும், அதுபோல நம் ஊரிலும் செய்ய என்ன வழி என்பதைப் பற்றியும் இன்று சொல்லப் போகிறேன்.

"ஏங்க, காட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? நாலு தென்னையை வெச்சாலும் ஊருக்கு வருமானம் வருமே?" என்று பல ஊர்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் பார்ப்போம். மரமும் சருகும் உள்ள மண்ணில் விழுந்த மழை ஓடாமல் உள்ளே இறங்கும். பக்கத்துக் கிணறுகளில் ஊற்று நிற்கும். வயலில் எலி பிடிக்கிற ஆந்தைக்குப் பகலில் தங்க, பொந்து விழுந்த பழைய மரம் வேண்டும். புழு பூச்சியைப் பிடிக்கிற கரிச்சான் குருவிக்குக் கூடு கட்டக் கிளை வேண்டும். பாகல், புடலை, சுரை எல்லாம் தேனீ, வண்டு போன்ற பூச்சிகள் வந்தால்தான் காய் பிடிக்கும். அவற்றுக்கு வருஷம் பூராவும் பூ வேண்டும். தென்னந்தோப்பு வருமானம் தரும், மறுக்கவில்லை. ஆனால் இந்த வேலை அத்தனையையும் அது செய்யாது.

இப்போது ஊர்களுக்கு வருவோம். மேலூரைத் தாண்டித் திருப்பத்தூர் போகிற வழியில் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று ஊர்கள். அங்குள்ள மூன்று கண்மாய்கள், மொத்தம் 38.4 ஹெக்டேர், 1977-ல் பறவைகள் சரணாலயம் ஆயின. நத்தைகுத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் கண்மாய்க்குள் உள்ள மரங்களில் கூடு கட்டுகின்றன. குஞ்சுகள் மிரளும் என்பதால் அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சின்னப் பிள்ளைகளும் இதற்குக் கட்டுப்படுகிறார்கள். வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வது வழக்கம். பறவை எச்சம் கலந்த தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அது பாய்கிற வயலுக்கு ஆதாயம்.

அடுத்து, அழகர்மலைக்கு அந்தப் பக்கம், திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி. அங்கே வீர கோயில்காட்டின் பரப்பு 4.97 ஹெக்டேர், அதாவது 12 ஏக்கரும் சொச்சமும்தான். சுற்றிலும் மாந்தோப்புகள். இவ்வளவு சின்னக் காட்டை 2025 மார்ச்சில் தமிழக அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இந்த மாதிரிக் கோயில்காடுகளில் பெரியவர்கள் வைத்த சட்டம் ரொம்பச் சுருக்கம்: வெட்டாதே, காய்ந்து விழுந்த குச்சியைக்கூட வீட்டுக்குக் கொண்டு போகாதே. சாமிக்குப் பயந்து விட்டுவைத்த இடத்தில்தான் உசிலையும் நாவலும் பல தலைமுறையாக நிற்கின்றன.

மூன்றாவதாக அரிட்டாபட்டி. சிம்மக்கல்லில் இருந்து வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். ஏழு மலைகள், கண்மாய்கள், ஊற்றுகள், தமிழிக் கல்வெட்டு, சமணர் படுகை, குடைவரைக் கோயில் எல்லாம் உள்ள பூமி. லகர் வல்லூறு, ராஜாளிக் கழுகு போன்ற அரிய பறவைகளும், தேவாங்கும், எறும்புத்தின்னியும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193.215 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டு வருஷம்தான் ஆயிற்று. 2024 நவம்பர் 7-ல், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் அந்தப் பகுதியில் 2,015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5,000 ஏக்கர், சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வந்தது. அந்த மாதம் 23-ந் தேதி நடந்த கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24-ல் மத்திய சுரங்க அமைச்சகம், பாரம்பரியத் தலத்தை மட்டும் நீக்கி எல்லையை மறுபடி பார்க்கும்படி புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொண்டது. மற்ற ஊர்களின் வயலும் கண்மாயும் என்னாவது என்று 2025 ஜனவரி 7-ல் ஆயிரக்கணக்கானோர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் முழுசாக ரத்தானது.

இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் சுற்றில் தப்பியது எது? பதிவில் ஏறியிருந்த இடம். அதன் பரப்பு ஏலம் போன தொகுதியின் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். மிச்சத்துக்கு ஜனங்கள் வெயிலில் நடக்க வேண்டியிருந்தது. ஊர்க்கட்டுப்பாடு உள்ளூர்க்காரனைத் தடுக்கும். வெளியிலிருந்து வருகிறவருக்குக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலி முழுசாகும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, எல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, பொது நிலத்தின் புல எண், பரப்பு, வகைப்பாடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அளக்கச் சொல்லி மனுக் கொடுத்துக் கல் ஊன்றுங்கள்.

இரண்டாவது, பதிவேடு. 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுத வேண்டும். உங்கள் ஊரில் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். அதில் உங்கள் கோயில்காடு இருக்கிறதா? எந்த மரம், எந்த மூலிகை, எந்த மாசத்தில் எந்தப் பறவை என்று விவரம் இருக்கிறதா? இல்லையென்றால் பள்ளிப் பிள்ளைகளையும், ஆடு மேய்க்கிற பெரியவர்களையும் ஒன்றாக அனுப்புங்கள். பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியும், பெரியவர்களுக்குப் பெயர் தெரியும்.

மூன்றாவது, கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். காட்டின் புல எண்ணைச் சொல்லித் தீர்மானம் எழுதி, நகல் வாங்கி வையுங்கள்.

நான்காவது, கட்டுப்பாடு. இதை மந்தையில் நாலு பெரிய மனுஷர்கள் மட்டும் பேசி முடித்தால் நிற்காது. விறகுக்குப் போகிற பெண்களும், பத்து ஆடு வைத்துப் பிழைக்கிறவரும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். மேய்ச்சல் நிலம் பூராவையும் ஒரேயடியாக மூடாதீர்கள். பாதியை மூன்று வருஷம் மூடி வையுங்கள். கன்று ஆட்டு வாய்க்கு எட்டாமல் வளர்ந்ததும் மறு பாதியை மூடலாம். மூடிய பகுதியில் புல்லை அறுத்துச் சுமந்து போக அனுமதி கொடுங்கள். ஆட்டுக்கும் வயிறு நிறையும், கன்றும் பிழைக்கும்.

ஐந்தாவது, நடவு. பழைய கோயில்காட்டுக்குள் உழுது புதுக்கன்று நடத் தேவையில்லை. வெட்டும் மேய்ச்சலும் நின்றாலே விழுந்த விதை முளைக்கும். வெட்டவெளியில் சீமைக்கருவேல் இருந்தால் கோடையில் வேரோடு எடுங்கள். மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். அதன் நெற்றைத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்தில் விதை பரவும் என்பதையும் மறக்க வேண்டாம். எடுத்த இடத்தைச் சும்மா போடாமல், புரட்டாசி, ஐப்பசியில் மழை பிடித்ததும் இரண்டடிக் குழி எடுத்து வேம்பு, புங்கு, இலுப்பை, நாவல், உசிலை நடுங்கள். கண்மாய்க்கரைக்குப் பனங்கொட்டை நல்லது. மடைக்குப் பக்கத்தில் மட்டும் எந்த மரமும் வேண்டாம், வேர் ஓடிக் கசிவு வரும். நூறு கன்று நட்டுப் படம் எடுப்பதைவிட, இருபது கன்றுக்கு இரண்டு கோடை தண்ணீர் ஊற்றுவது மேல். எந்தத் தெரு எந்தக் கன்றுக்குப் பொறுப்பு என்று எழுதி வைத்துவிடுங்கள்.

வருகிற கிராமசபைக்குப் போகும்போது உங்கள் ஊர்ப் பொது நிலத்தின் புல எண்ணை ஒரு சீட்டில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து அதை வாசியுங்கள். மேற்கொண்டு விவரம் வேண்டுவோர் தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, ஊராட்சி அலுவலகத்தையோ அணுகலாம்.