அறைவீடு இல்லாதவர்களின் ஜெபம்

(தாம்பரத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'ஜெபமும் மன அமைதியும்' என்று தலைப்பைச் சொன்னதும் இங்கே சிலர் சிரித்தது எனக்குக் கேட்டது. நியாயந்தான். நம்ம சனங்களுக்குச் சமாதானம் என்பது ரொம்பச் சந்தேகத்துக்குரிய வார்த்தை. சேரியைக் கொளுத்தின மறுநாள் தாலுகா ஆபீசில் நடப்பதற்குப் பெயர் சமாதானக் கூட்டம். அடிச்சவனையும் அடிபட்டவனையும் ஒரே பெஞ்சில் ஒக்கார வச்சு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க என்பார்கள். அந்தச் சமாதானத்தைப் பேச நான் வரவில்லை.

எங்கம்மாவின் கால்மணி நேரத்தைப் பேச வந்திருக்கிறேன். பல்லாவரம் பக்கம் தோல் கம்பெனியில் வேலை. சுண்ணாம்பில் கை வெந்திருக்கும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு முக்காடு போட்டு முழங்காலில் நிற்பார். உதடு அசையும், சத்தம் வராது. 'என்னம்மா கேட்ட?' என்றால், 'ஒண்ணும் கேக்கல, சும்மா ஆண்டவர்கூட இருந்தேன்' என்பார். யாரும் ஏவாத, யாரும் ஏசாத நேரம் அவருக்கு ஒரு நாளில் அது ஒன்றுதான்.

ஜெபம் பண்ணும்போது அறைவீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். ஒத்தைக் குடிசையில் ஆறு பேர் படுக்கிறவர்களுக்கு அறைவீடு ஏது? மௌனத்துக்கு இடம் வேணும், நேரம் வேணும். இரண்டையும் சாதி நம்மிடமிருந்து பிடுங்கி வைத்திருக்கிறது. அப்படியிருக்க, ஒரு தலித் பெண் தனக்குள்ளேயே ஓர் அறையைக் கட்டிக்கொள்கிறாள் என்றால் அதை மயக்கம் என்று ஒதுக்கிவிட முடியுமா?

அந்த அறை நமக்குக் கிடையவே கிடையாது என்று பெரிய மனிதர்களே சொல்லியிருக்கிறார்கள். 1935இல் அண்ணல் அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவித்து நாடே கலங்கியிருந்தது. அடுத்த வருஷம் ஜான் மோட் என்ற அமெரிக்கக் கிறித்தவத் தலைவர் காந்தியைப் பார்க்க வந்தார். பசுவிடம் போய்ச் சுவிசேஷம் சொல்வீர்களா என்று கேட்டார் காந்தி. தீண்டப்படாதவர்களில் சிலருக்குப் புரிந்துகொள்ளும் சக்தி பசுவைவிட மோசம் என்றார். 'ஹரிஜன்' இதழிலேயே அது அச்சாயிற்று. அதே மோட் தலைமையில் 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. எங்கே? நம்ம தாம்பரத்தில், முந்தைய வருஷந்தான் இங்கே இடம் மாறி வந்திருந்த சென்னை கிறித்தவக் கல்லூரி வளாகத்தில்.

மிஷனரிகளிலும் பலர் நம்மைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள்: வயித்துக்கு வர்றானா, ஆத்துமாவுக்கு வர்றானா? இன்றைக்கு நம்ம தோழர்கள் சிலர் 'பால்பவுடருக்குப் போனவங்க' என்கிறார்கள். மூன்று தரப்பும் சொல்வது ஒன்றுதான். இவங்களுக்கு வயிறு உண்டு, உள்ளம் கிடையாது. எங்களுக்கு ரெண்டும் உண்டு தோழர்களே. ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை.

சத்தமில்லாத ஜெபத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது சட்டம். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்தவர் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கிறார்கள். மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சேரிக்கும் ஊருக்கும் நடுவே இருக்கிற தெருவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அதனால் சான்றிதழில் ஒரு மதம், முழங்காலில் ஒரு மதம் என்று எத்தனை வீடுகள்! 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், சலுகைக்காக இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சாசனத்தையே ஏமாற்றுவது என்றது உச்ச நீதிமன்றம். ஜெபத்தைக் கிசுகிசுப்பாக்கியது எது என்று அந்த மன்றம் கேட்டிருக்க வேண்டும்.

சபைக்குள்ளேயும் நிலைமை வேறில்லை. 2008 மார்ச்சில் எறையூரில் சம உரிமை கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகளைச் சாதிக் கிறித்தவர்களே தாக்கினார்கள். இப்படி நடக்கும்போதெல்லாம் 'பொறுத்துக்கங்க, ஜெபம் பண்ணுங்க' என்கிற குரல் வரும். சமாதானமே இல்லாத இடத்தில் சமாதானம் என்று சொல்லிக் காயத்தை மேலாக மூடுகிறவர்களை எரேமியா அன்றைக்கே திட்டித் தீர்த்துவிட்டார்.

அப்போ எந்த ஜெபம் நம்முடையது? மாற்கு முதல் அதிகாரத்தைப் படியுங்கள். இயேசு விடியுமுன் எழுந்து ஆளில்லாத இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். அங்கேயே தங்கிவிடவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று கிளம்புகிறார். அதே அதிகாரத்தில், யாரும் தொடாத குஷ்டரோகியைத் தொடுகிறார். எழுந்த பிறகு கால் எங்கே போகிறது என்பதுதான் ஜெபத்துக்கு அளவுகோல். கெத்செமனேயில் அவருக்குமே அமைதி சும்மா கிடைக்கவில்லை. பயந்தார், வியர்த்தார், அப்புறந்தான் நிமிர்ந்தார்.

நம்ம செங்கல்பட்டு மண்ணைப் பாருங்கள். 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளும் நம் சனங்களுக்கு நிலம் வேண்டும் என்று எழுதினார்கள். 1892இல் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலம் கைமாறிப் போய், காரணையில் அதை மீட்க நம்மவர்கள் இறங்கி அண்ணல் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டதை எதிர்த்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் சுட்டது. செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. வேதப் பெயர் ஒன்று, மலைச்சாமி பெயர் ஒன்று. குண்டு பெயர் கேட்கவில்லை.

எனக்கு இதில் சொந்தத் தேவையும் இருக்கிறது. பகலெல்லாம் பேங்க் கவுண்டர். சாயங்காலம் இயக்க வேலை, ராத்திரி கவிதை. கோபம் ஒன்றையே சோறாகத் தின்றுவிட்டுக் குடியிலும் நோயிலும் கருகிப்போன தோழர்கள் நம்ம எல்லாருக்குந்தான் தெரியும். தனக்குள்ளே தங்க ஓர் இடமில்லாதவனால் நெடுங்காலம் சண்டை போட முடியாது. எனக்கு அந்த இடம் ஜெபம். தோழர் ஒருவருக்கு அது புத்த தியானமாக இருக்கலாம், இன்னொருவருக்கு வெறும் மௌனமாக இருக்கலாம். அதில் சண்டையில்லை.

சேரியில் முழங்காலில் நிற்கிற அம்மாவைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பக்கத்தில் போய் ஒக்காருங்கள். அவர் எழுந்ததும் பட்டா மனுவை நீட்டுங்கள். முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கும்.