ஆபரேஷன் என்றால் அச்சம் எதற்கு?



"கத்தி பட்ட உடம்பு பழையபடி வராதுங்க" என்று நம் பக்கத்தில் பலரும் சொல்கிறார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், காசிமேட்டில் வலை இழுக்கிறவர், எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் உழைக்கிறவர், மீஞ்சூர்ப் பக்கம் வயலில் இறங்குகிறவர், எல்லோருக்கும் உடம்புதான் முதல். ஆகவே பயம் வருவது இயற்கை. ஆனால் எந்த ஆபரேஷன் எதற்கு என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் விலகிவிடும்.

குடல் இறக்கம்: வயிற்றுச் சுவரில் பலவீனமான இடம் வழியாகக் குடல் பிதுங்குவதே இது. இருமினாலும் பாரம் தூக்கினாலும் அடிவயிற்று ஓரத்தில் புடைக்கும். படுத்தால் உள்ளே போகும். பெல்ட் கட்டினால் இது குணமாகாது. பலவீனமான இடத்தில் வலை வைத்துத் தைப்பதே சிகிச்சை. புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்தால் குடல் நெரிபடுகிறது என்று அர்த்தம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

குடல்வால் அழற்சி: வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, வலது அடிவயிற்றில் வந்து நிற்கும். வாந்தி, காய்ச்சலும் வரலாம். இதைக் குடலேற்றம் என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவுவதும், பேதிக்குக் கொடுப்பதும் ஆபத்து. குடல்வால் வெடித்தால் வயிறு முழுவதும் சீழ் பரவும்.

விரைவீக்கம்: விரையைச் சுற்றி நீர் சேர்வது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்கடியாலும் இது வரும். ஊசியால் நீரை எடுத்தால் மறுபடி சேரும். சிறிய ஆபரேஷனில் தீரும். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

சிசேரியன்: குழந்தை குறுக்கே கிடந்தாலும், நஞ்சு வழியை அடைத்திருந்தாலும், தாய்க்கோ சேய்க்கோ ஆபத்து என்றாலும் செய்வது. இராயபுரத்தில் 1880-இல் தொடங்கிய ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இன்றும் நம் தாய்மார்களுக்குப் பிரசவம் பார்க்கிறது.

இனி குடும்ப நல ஆபரேஷன். இதில் நியாயம் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான நூறு பெண்களில் சுமார் 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! பிள்ளை பெற்றதும் அவளே, ஆபரேஷனும் அவளுக்கேவா?

பெண்ணுக்குச் செய்வது வயிற்றைத் திறந்து கருக்குழாயை அடைப்பது. ஆணுக்குச் செய்வது அதைவிட எளிது. விரையை யாரும் தொடுவதில்லை. விந்தணு வரும் குழாயை மட்டும் துண்டித்துக் கட்டுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, கால் மணி நேரத்தில் முடியும். சீன மருத்துவர் லி ஷுன்சியாங் 1974-இல் கண்ட கத்தியில்லா முறையில் தையலும் கிடையாது.

"ஆம்பளை பலம் போயிடுமே?" போகாது. ஆண்மை தரும் சுரப்பு இரத்தத்தில் கலப்பது. அந்தக் குழாய் வழியாகப் போவதல்ல. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருப்பது, அவ்வளவுதான். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். குழாயில் தங்கிய விந்தணுக்கள் தீர மூன்று மாதமாகும். அதுவரை ஆணுறை வேண்டும். பிறகு விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்று டாக்டர் சொன்ன பின்பே நிம்மதி. இதை விட்டுவிட்டு மனைவி கருவுற்றால், அவள்மேல் சந்தேகப்படுவது பெரும் அநியாயம்.

பெண் ஆபரேஷனுக்குப் பின் மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, அடிவயிறு வலித்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். குழாயிலேயே கரு தங்கியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து.

இரண்டுமே நிரந்தர முறை. மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிச் செய்யாதீர்கள். இன்னும் பிள்ளை வேண்டுமென்று தோன்றினால் காப்பர்-டி, மாத்திரை, ஆணுறை இருக்கின்றன. யாரும் உங்களை வற்புறுத்தக் கூடாது. படித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

சந்தேகம் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மாவைக் கேளுங்கள். அவசரம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். இன்றிரவு கணவனும் மனைவியும் உட்கார்ந்து, கூச்சமில்லாமல் பேசி முடிவெடுங்கள்.