முதல் ஆண்டுச் சமூகப் பணியாளர்

இங்கிலாந்தில் சமூகப் பணிப் பட்டம் முடித்து வேலையில் சேர்பவர்களுக்கு, முதல் 12 மாதங்களை மதிப்பீடும் ஆதரவும் சேர்ந்த ஆண்டாக நடத்தும் திட்டம் 2012இல் தொடங்கியது. அதன்படி, அனுபவம் உள்ளவர் ஏற்கும் வேலையில் ஏறத்தாழ 90 விழுக்காடுதான் புதியவருக்கு; கற்பதற்கென்று தனி நேரமும் உண்டு. மேற்பார்வையாளருடன் சந்திப்பு முதல் 6 வாரங்கள் வாரந்தோறும், 6 மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. கோப்புகளைச் சரிபார்ப்பதோடு அந்தச் சந்திப்பு முடிந்துவிடக் கூடாது. அடிபட்ட குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இரவில் தூக்கம் வந்ததா என்பதும் அங்கே பேச வேண்டிய விஷயமே. பிறர் துயரத்தை நாள்தோறும் கேட்பவரின் மனமும் காயப்படும். அதைத் தகுதிக் குறைவாக எண்ணுவது பெரும் அநியாயம்.

நடைமுறைத் திறன்களில் முதன்மையானது குறிப்பெழுதுதல். ஒரு வீட்டுக்குச் சென்று வந்தால் அன்றே எழுதிவிட வேண்டும். கண்டது, கேட்டது, ஊகித்தது மூன்றும் தனித்தனியே நிற்க வேண்டும்; நீதிமன்றம் வரை போகக்கூடிய ஆவணம் அது. தனியாகச் செல்லும்போது, போகுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் அலுவலகத்தில் சொல்லிச் செல்வது பாதுகாப்பு. வேலை மிஞ்சினால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடலாம். எந்தக் குடும்பத்தை முதலில் பார்ப்பது என்பதை இருவரும் சேர்ந்து முடிவுசெய்ய முடியும்.